மக் என்றொரு சொல்லும் ஜேபஸ் லவட்டின் இடது கண்ணும்

நம் வீட்டுக் குளியலறை வாளியில் மிதக்கிறதே, அதே மக்தான். ஆனால் பீங்கான் செய்கிற பர்ஸ்லெம் என்ற ஆங்கிலேய ஊரில் அந்தச் சொல்லுக்கு வாளியும் கிடையாது, குளியலும் கிடையாது. அங்கே தேநீர் குடிக்கிற பீங்கான் கோப்பை மக். மனுஷன் மூஞ்சியும் மக். ஏமாளியும் மக். மூஞ்சியில் விடுகிற குத்தும் மக். குத்திவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் தொழிலுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். ஜேபஸ் லவட் இந்த அர்த்தங்களில் திருட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உடம்பில் வாங்கியவன்.

எப்படி ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கோப்பைகளை அசிங்கமான மனித முகங்களாகச் செய்தார்களாம், பல் இளித்துக்கொண்டு, மூக்கு பருத்து. அதனால் கோப்பையின் பெயர் மூஞ்சிக்கு வந்தது, மூஞ்சியின் பெயர் அதில் விழும் குத்துக்கு வந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். வடக்கே வண்டியில் சட்டி பானை விற்று அலைந்தவர்களையும் அந்தப் பெயரை ஒட்டியே கூப்பிட்டார்கள் என்பார்கள். ஏமாளிக்கு ஏன் அந்தப் பெயர் என்பதில்தான் சண்டை. "எதை ஊத்தினாலும் வாங்கிக்கும்ல, அதான்" என்பார் குத்துச்சண்டைக் கூடாரம் நடத்திய ஸ்கெரிட். ஜேபஸின் மனைவி கெசையா ஒத்துக்கொள்ள மாட்டாள். "அதெல்லாம் இல்ல. எவன் வேணும்னாலும் காதைப் புடிச்சுத் தூக்கலாம்ல, அதான்" என்பாள். அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுவதுதான் அவள் தொழில். நம் ஊர் 'மக்கு'க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாகவே முட்டாளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜேபஸ் பிறந்தது சூளைகளுக்கு நடுவே. அப்பன் சூளைக்குத் தீ மூட்டுகிறவன். வாரம் முழுக்க நெருப்புக்கு முன்னால் வெந்துவிட்டு, சனிக்கிழமை பீர் குடித்துவிட்டு வந்து வீட்டில் அகப்பட்டவர்களை அடிப்பான். அவன் அடிக்கு ஒரு ஒழுங்கு உண்டு, முதலில் மூத்தவன், பிறகு இளையவன், கடைசியில் அம்மா. ஜேபஸ் மூத்தவன். அடி வருவதற்கு முன்பே தோள் அசைவதைப் பார்த்துத் தலையை நகர்த்தக் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான். ஒரு சனிக்கிழமை அவன் தலையை நகர்த்தவில்லை. திருப்பி ஒன்று கொடுத்தான். அப்பன் கரி அடுப்பின் மேல் விழுந்து கன்னம் பொசுங்கி எழுந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை.

பீங்கான் ஆலையில் அவனுக்குச் சுமக்கிற வேலை. இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளை அடுக்கிய மண்பெட்டியைத் தலையில் வைத்து, ஏணி ஏறி, முந்தின சூடு ஆறாத சூளைக்குள் கொண்டுபோய் அடுக்க வேண்டும். கழுத்து காளைமாட்டுக் கழுத்தாகிவிட்டது. கால்வாய்க் கரையில் படகுக்காரர்களோடு வெறுங்கைச் சண்டை போட்டு மூக்கு இரண்டு பக்கமும் சாய்ந்தது. ஒரு படகுக்காரன் வலது காதின் நுனியைக் கடித்துத் துப்பினான். அந்த மூஞ்சியைப் பார்த்து ஆலையில் அச்சு செய்கிறவர் விளையாட்டாக ஒரு மக் செய்தார்; உடைந்த மூக்கு, கிழிந்த காது, எல்லாம் அச்சு அசலாக. அதற்குக் கைப்பிடி ஒட்டும் வேலை கெசையாவுக்கு வந்தது.

"உன் மூஞ்சியைவிட இந்த மூஞ்சி தேவல டக். இது பேசாது" என்றாள். டக் என்றால் வாத்து. அந்த ஊரில் தெரிந்தவன், தெரியாதவன், பாதிரியார், போலீஸ்காரன் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகச் சூளை அணைத்தன. ஊருக்குமேல் எப்போதும் நின்ற கரும்புகை விலகி வானம் தெரிந்தது. வானம் தெரிந்தால் அந்த ஊரில் பட்டினி என்று அர்த்தம். சுமக்க வேலை இல்லாத ஜேபஸ் ஸ்கெரிட்டின் கூடாரத்தில் சேர்ந்தான்.

சந்தைக்குச் சந்தை போகிற கூடாரம் அது. முகப்பில் ஓர் உயரமான மேடை. அதில் கூடாரத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் அங்கியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஸ்கெரிட் முரசை அடித்து, கையுறையைக் கூட்டத்துக்குள் வீசி, இவனோடு மூன்று சுற்று நிற்கிற ஆம்பளை உண்டா என்று கத்துவார். எவனாவது சுரங்கத் தொழிலாளி பீர் போதையில் கையுறையைப் பிடிப்பான். அப்படி மேடை ஏறுகிறவனுக்குக் கூடாரத்துப் பாஷையில் பெயர் மக். அவனை எத்தனை சீக்கிரம் படுக்கவைக்கலாம், எத்தனை நேரம் ஆடவிடலாம் என்பதுதான் தொழில்.

நிஜமான மக் வராத வேளைக்காகக் கூட்டத்துக்குள் கூடாரத்தின் சொந்த ஆள் ஒருவன் நிற்பான். உள்ளூர்க்காரன் மாதிரி தொப்பி போட்டு, வசைபாடி, மேடை ஏறுவான். இருவரும் பார்த்துப் பார்த்து அடித்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு வெறி ஏறும். இந்த ஆள் கூடாரத்துப் பக்கமே வரக் கூடாது. வேறு தெருவில் தங்க வேண்டும், வேறு கடையில் சாப்பிட வேண்டும். எந்த ஆட்டத்துக்கு வருவான், எப்படி இருப்பான் என்று சண்டைக்காரர்களுக்கும் சொல்ல மாட்டார் ஸ்கெரிட். "தெரிஞ்சா உங்க மூஞ்சி காட்டிக்கொடுத்துரும். நீங்க சண்டைக்காரங்க, நாடகக்காரங்க இல்ல" என்பார். அடையாளம் ஒன்றே ஒன்று. மேடை ஏறிச் சண்டைக்காரன் பக்கத்தில் நிற்கும்போது அந்த ஆள் தன் காதைத் தொடுவான். ஈ உட்கார்ந்ததைத் தட்டிவிட்ட மாதிரி, ஒரே ஒரு முறை. சவாலை ஏற்று ஏறுகிறவன் எப்போதும் சண்டைக்காரனின் இடது பக்கம் நிற்பான். வலது பக்கம் முரசு இருக்கிறது.

ஜேபஸுக்கு இடது கண் போயிருந்தது.

லாங்டன் சந்தையில் ஒருவன் தலையால் மோதிய நாளிலிருந்து அதில் ஒரு திரை. குளிர்காலத்தில் திரை கெட்டியாயிற்று, வசந்தத்தில் முழு இருட்டு. பார்க்கிறவர்களுக்குக் கண் கண்ணாகத்தான் தெரிந்தது. ஸ்கெரிட்டுக்குத் தெரியாது, மற்ற சண்டைக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் கெசையாவை ஏமாற்ற முடியுமா? ஒரு காலை, பன்றி இறைச்சி வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு, தேநீரை அவன் இடது கைப்பக்கம் வைத்தாள். அவன் கை கோப்பையைத் தாண்டிப் போய்க் காற்றைப் பிடித்தது.

"கைப்பிடி ஒட்டினவ நான். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியலியே."

"தூக்கக் கலக்கம்."

"பொய் சொல்லாத. எத்தன நாளா?"

அவன் ரொட்டியை மென்றான்.

"ஸ்கெரிட்கிட்ட சொல்லிரு" என்றாள்.

"சொன்னா? சூளை எல்லாம் அணைஞ்சு கெடக்கு. ஒத்தக் கண்ணனுக்கு வாசல்ல டிக்கெட் கிழிக்கிற வேலகூடத் தர மாட்டான் அந்த ஆளு. வேற என்ன தெரியும் எனக்கு?"

"இடது பக்கமா வந்து எவனாச்சும் உன் உசுர எடுத்துருவான்டா பாவி."

"என் உசுருதானே" என்றான் ஜேபஸ். தன் உயிரைத் தவிர வேறு உயிர் கணக்கில் வரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அங்கேதான் தவறினான். நல்லவன்தான், ஆனாலும் தவறினான்.

வசந்தம் முழுக்க எப்படியோ ஓட்டிவிட்டான். கூட்டத்துக்குள் நிற்கிற பழைய ஆளை அவன் குரலை வைத்தே தெரிந்துகொள்வான். நிஜமான மக் வந்தால் அவனை வலது பக்கமாகச் சுற்றவிட்டு, முதல் சுற்றிலேயே முடித்துவிடுவான். மூன்று சுற்று ஆடினால் கண் தெரியாதது வெளியே வந்துவிடும். முன்பெல்லாம் விளையாட்டுக் காட்டியவன் இப்போது கசாப்புக்காரனாகிவிட்டான். ஒருவனுக்குத் தாடை உடைந்தது, ஒருவனுக்கு விலா. ஸ்கெரிட்டுக்குக் கோபம். "ஆட விடுய்யா. மக்க ஒரே குத்துல கொன்னா அடுத்த மக் எப்படி மேல ஏறுவான்?" என்று திட்டினார்.

ஆகஸ்டில் பர்ஸ்லெம் திருவிழா வாரம் வந்தது. சந்தை மைதானத்தில் ராட்டினம், சிப்பிக் கடை, சகதி. பழைய ஆளுக்குக் கை முறிந்துவிட்டதால் ஸ்கெரிட் உல்வர்ஹாம்ப்டனிலிருந்து புது ஆள் ஒருவனைப் பிடித்திருந்தார். பெயர் க்ளெம் ரஜ். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவன். ஜேபஸ் அவனைப் பார்த்ததும் இல்லை, குரலைக் கேட்டதும் இல்லை. அந்த வாரம் ஊரில் வேறொரு பேச்சு அடிபட்டது. போன வருஷம் ஜேபஸிடம் பல்லை இழந்த ஒரு நார்ட்டன் ஊர்ச் சுரங்கக்காரனின் தம்பி பழிவாங்க வரப்போகிறானாம், ஜேபஸை உயிரோடு விடப் போவதில்லை என்று சாராயக்கடையில் சத்தியம் செய்தானாம். அந்தப் பேச்சு க்ளெமின் காதிலும் விழுந்திருக்கிறது. கூட்டத்தைச் சூடேற்ற இதைவிட நல்ல வேஷம் கிடைக்குமா என்று அவன் அதை எடுத்துக்கொண்டான். தொழிலில் கெட்டிக்காரன், பாவம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். முரசு அடித்தது, கையுறை பறந்தது. தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு மேடையில் தாவி ஏறி ஜேபஸின் இடது பக்கம் வந்து நின்றான்.

"போன வருஷம் எங்க அண்ணன் பல்ல ஒடச்சவன் நீதான? இன்னைக்கு உன் மூஞ்சிய ஒங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாம பண்றேன், வாடா!"

கூட்டம் ஊளையிட்டது. அப்போதுதான் க்ளெம் காதைத் தொட்டான். ஜேபஸ் கழுத்தைத் திருப்பி நல்ல கண்ணால் பார்ப்பதற்குள் அந்தக் கை கீழே இறங்கிவிட்டது. அவன் பார்த்தது, முறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சுரங்கக்காரனை. வந்துவிட்டான், இவன்தான், என்று நினைத்தான். பயந்தான். பயந்துபோன பலசாலியைவிடக் கொடிய மிருகம் எந்தச் சந்தையிலும் கிடையாது.

உள்ளே கயிற்று வளையத்துக்குள் மணி அடித்ததும் க்ளெம், ஆட்டத்தின் வழக்கப்படி, கையைக் கொஞ்சம் தாழ்த்தித் தாடையை நீட்டினான். முதல் குத்து பார்க்கப் பெரிதாகவும் வாங்கச் சிறிதாகவும் வரும் என்பது பேச்சு. ஜேபஸ் வலது கையின் முழு பலத்தையும் அந்தத் தாடையில் இறக்கினான். பல் உடைகிற சத்தம் முதல் வரிசைவரை கேட்டது. க்ளெம் கயிற்றில் போய் விழுந்து, ஆச்சரியத்தோடு பார்த்தான். அந்த ஆச்சரியத்தை ஜேபஸ் வன்மம் என்று புரிந்துகொண்டான். க்ளெம் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து, ரத்தம் கொழகொழக்கும் வாயால் காதருகே ஏதோ சொன்னான். கூட்டத்தின் இரைச்சலில் வார்த்தை புரியவில்லை. வசை என்றே ஜேபஸ் எடுத்துக்கொண்டான். விலாவில் இரண்டு குத்துவிட்டு அவனை உதறினான். அடுத்த குத்துகளில் க்ளெமின் புருவம் பிளந்தது. மூக்கு உள்ளே போயிற்று. க்ளெம் இப்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஜேபஸின் இடது பக்கமாக நகர்ந்தான். இருட்டுக்குள் போன எதிரியை ஜேபஸால் விட முடியுமா? உடம்பையே சுழற்றி, குத்துமதிப்பாக ஒரு குத்து விட்டான். அது காதுக்குப் பின்னால் விழுந்தது. க்ளெம் நின்ற நிலையிலேயே சாய்ந்தான். பின்மண்டை, கித்தானுக்கு அடியில் இருந்த பலகையில் மோதியது.

கூட்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல சண்டைக்குக் காசு எறிவது வழக்கம். பென்னிகள் வளையத்துக்குள் வந்து விழுந்தன. சில க்ளெமின் மார்பில் விழுந்து உருண்டன. அவன் குதிகால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்கெரிட் கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்து ஜேபஸின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"நம்ம ஆளுய்யா. நம்ம ஆளு இவன்."

ஜேபஸ் தன் கையுறைகளைப் பார்த்தான்.

க்ளெம் மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்துபோனான். கண் திறக்கவே இல்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஸ்கெரிட்டே பேசினார். பையன் புதியவன், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அடையாளம் காட்ட மறந்துவிட்டான், யார் மேலும் குற்றமில்லை என்றார். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். பிறகு ஸ்கெரிட் ஜேபஸின் தோளில் கைபோட்டார்.

"நீ எதுவும் பேச வேணாம். அவன் காட்டல, நீ பாக்கல. அவ்வளவுதான். மக்காவே வந்தான், மக்காவே செத்தான்."

ஜேபஸுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஒருவேளை அவன் காட்டாமலே இருந்திருக்கலாம் அல்லவா? யார் கண்டது? அப்படி நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். செய்தி முன்பே எட்டியிருந்த கெசையா கதவைத் திறந்தாள், உள்ளே விடவில்லை.

"காட்டினானா?"

"தெரியல."

"அத ஸ்கெரிட்கிட்ட சொன்னியா?"

அவன் பூட்ஸ் சகதியை வாசற்படியில் தேய்த்தான்.

"செத்தவன் மேல பழியப் போட்டுட்டு இந்த வீட்டு ரொட்டிய நீ திங்க முடியாது. வா" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவனை மைதானத்துக்கே திருப்பி நடத்திக்கொண்டு போனாள்.

கூடாரத்துக்குள் க்ளெமின் மனைவி எஃபி நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் ரயிலில் வந்திருந்தாள். சின்னப் பெண். இரவல் கறுப்புக் கோட்டு, கை நீளம் போதவில்லை. ஸ்கெரிட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற சண்டைக்காரர்கள் தள்ளி நின்றார்கள்.

"இவருதானா?" என்று ஜேபஸைப் பார்த்துக் கேட்டாள் எஃபி.

"ஆமாம்மா. இவனையும் சொல்லிக் குத்தமில்ல டக். உன் வீட்டுக்காரன் அடையாளம் காட்ட மறந்துட்டான்."

"நான் உங்களைக் கேக்கல. இவரைக் கேக்குறேன். அவன் காதைத் தொட்டானா, இல்லியா?"

ஜேபஸ் வாயைத் திறந்தான். "நான் பாக்கல" என்றான்.

"பாத்தியா, அவனே சொல்றான்" என்றார் ஸ்கெரிட்.

எஃபி இரவல் கோட்டின் கையை இழுத்துவிட்டாள். "கெளம்புறப்ப நான் திட்டித்தான் அனுப்பினேன். எதச் சொன்னாலும் மறந்துருவான், கடைக்குப் போனா உப்ப மறந்துருவான். நீ ஒரு மக், இதையும் மறந்துட்டு அடி வாங்கிட்டு வரப்போறன்னு சொன்னேன். அதான் நான் கடைசியாச் சொன்னது. ரயிலு கெளம்பியும் ஜன்னல் வழியா காதத் தொட்டுத் தொட்டுக் காட்டினான், மறக்க மாட்டேன்னு. அப்பவும் சிரிச்சுட்டே… நீங்க ரெண்டு பேரும் அவன் மறந்துட்டான்னு சொல்றீங்க."

சொல்லிக்கொண்டே வந்தவள் கையை ஓங்கி ஜேபஸை அறைந்தாள்.

வலது கை, அவனுடைய இடது கன்னத்தில் விழுந்தது. சின்னப் பெண்ணின் கை, அது எங்கிருந்து புறப்பட்டது என்று அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். தோள் அசைந்ததுமே தலையை நகர்த்துகிறவன் ஜேபஸ் லவட். அவன் தலை நகரவில்லை. இமைகூட ஆடவில்லை. அறை விழுந்த பிறகுதான் திடுக்கிட்டான்.

"வாங்கிக்கிறீங்களா? நல்லவரு வேஷமா?" என்று கத்தினாள் எஃபி.

"இல்லம்மா" என்றான் ஜேபஸ். "வர்றது தெரியல."

கெசையா அவன் முதுகில் கை வைத்தாள், அழுத்தவில்லை, வைத்தாள். அவன் தொடர்ந்தான்.

"அந்தக் கண்ணுல பார்வை இல்ல. வசந்தத்துலேருந்து இல்ல. சொன்னா வேல போயிரும்னு யார்கிட்டயும் சொல்லல. உன் வீட்டுக்காரன் அந்தப் பக்கந்தான் நின்னான்."

"அடேய், உளறாத!" என்று பாய்ந்தார் ஸ்கெரிட். "துக்கத்துல உளறுறாம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு அவனுக்கு."

எஃபி அவரைப் பார்க்கவில்லை. மெல்ல நடந்து ஜேபஸின் இடது பக்கம் போய், தோளுக்குத் தோள் ஒட்டினாற்போல் நின்றாள். தன் கையைத் தூக்கிக் காதைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

"இப்ப நான் என்ன பண்றேன்?"

ஜேபஸ் நேர் எதிரே கூடாரத்தின் கித்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியலம்மா" என்றான். "எனக்குத் தெரியல."

ஸ்கெரிட் தொப்பியைத் தலையில் வைத்தார். கொக்கியில் தொங்கிய ஜேபஸின் அங்கியை எடுத்து, தள்ளி நின்ற சண்டைக்காரன் ஒருவனிடம் நீட்டினார். அவன் வாங்கத் தயங்கினான், பிறகு வாங்கிக்கொண்டான். எஃபி இதையெல்லாம் கவனிக்கவில்லை. காதிலிருந்து கையை எடுக்காமலே மரத்தூள் பரப்பிய தரையில் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள்.

"மறக்கலடா நீ" என்றாள். "மறக்கல."